மன்னரின் பண்ணையும் நவாபின் ஏரிகளும்

ஆர்தர் யங் என்ற ஆங்கிலேய வேளாண் எழுத்தாளர் நடத்திவந்த ‘அன்னல்ஸ் ஆஃப் அக்ரிகல்ச்சர்’ இதழில் 1787ஆம் ஆண்டு இரண்டு கடிதங்கள் வெளியாயின. பீட்டர்ஷாம் என்ற ஊரில் டக்கெட் என்பவர் எந்தக் கலப்பையால் உழுகிறார், எந்தப் பயிருக்குப் பின் எதை விதைக்கிறார் என்பதையெல்லாம் அவை நுணுக்கமாகச் சொல்லின. அடியில் இருந்த பெயர் ரால்ஃப் ராபின்சன், ஊர் வின்ட்சர். ராபின்சன் அங்கே ஆடு மேய்த்தவர். அவர் பெயரைக் கடன் வாங்கி எழுதியவரோ ஆடுகளின் சொந்தக்காரர், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ்.

அமெரிக்காவை இழந்தவர், கடைசிக் காலத்தில் மனம் பேதலித்தவர் என்பதற்கு மேல் இந்த மன்னரைப் பற்றி நம் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. அவர் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர்கள் அவரை ‘விவசாயி ஜார்ஜ்’ என்று நையாண்டி செய்தார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மண்ணுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் அரியணையில் இருந்த 1760 முதல் 1820 வரையிலான அறுபது ஆண்டுகளுக்குள்தான் இந்தப் பக்கத்து நிலங்கள் பாளையக்காரரிடமிருந்து ஆர்க்காட்டு நவாபுக்கும், நவாபிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் கைமாறின. ஒரே மன்னரின் காலத்தில், அவர் கண்ணெதிரே இருந்த நிலத்துக்கு என்ன நடந்தது, அவர் பெயரால் ஆளப்படும் நிலைக்கு வந்துகொண்டிருந்த நிலத்துக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் வின்ட்சர். அங்குள்ள பெரும்பூங்கா மான்களுக்கும் வேட்டைக்கும் ஒதுக்கப்பட்ட நிலம். அதன் காவல் பொறுப்பில் இருந்த கம்பர்லாந்து கோமகன் 1790இல் இறந்ததும் மன்னர் அதைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 3,800 ஏக்கர். பெரணியும் கோரையும் மண்டி, எறும்புப் புற்றுகள் நிறைந்து, தாழ்ந்த பகுதிகளில் சதுப்பாகக் கிடந்தது. அதைச் சீர்திருத்த அழைக்கப்பட்டவர் நத்தானியேல் கென்ட். இளம் வயதில் பிரஸ்ஸல்ஸில் தூதரகச் செயலாளராக இருந்தபோது ஃபிளாண்டர்ஸ் நாட்டு விவசாயத்தைக் கூர்ந்து பார்த்தவர். நில உடைமையாளர்களுக்கான ஆலோசனை நூலொன்றை 1775இல் எழுதியவர். நில மேலாண்மையை ஒரு தொழிலாகவே செய்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

கென்ட் பூங்கா முழுவதையும் உழவில்லை. 2,400 ஏக்கரை மானுக்கும் மாட்டுக்கும் விட்டு, வடிகால் வெட்டிச் சதுப்பை உலர்த்தினார். மிச்சமிருந்த 1,400 ஏக்கரை மண்ணின் குணம் பார்த்து இரண்டாகப் பிரித்தார். மணற்பாங்கான 1,000 ஏக்கர் ‘நார்ஃபோக் பண்ணை’. கெட்டியான களிச்சேற்று மண் கொண்ட 400 ஏக்கர் ‘ஃபிளெமிஷ் பண்ணை’. 3,800 ஏக்கரில் மேய்ந்த மானும் மாடும் குறுகிப்போன 2,400 ஏக்கரிலேயே வயிறு நிறைய மேய்ந்தன என்பது கென்ட் தந்த கணக்கு. தன் வேலையைப் பற்றித் தானே எழுதியவரின் கணக்கு என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மண்ணைப் பார்த்துப் பயிரைத் தீர்மானித்த முறையில் குறை சொல்ல இடமில்லை.

நார்ஃபோக் முறையின் சூட்சுமம் எளியது. டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்ற தீவனப்பயிர், கோதுமை என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். நிலத்தைத் தரிசாக விடுவதில்லை. டர்னிப் வயலிலேயே ஆடுகளை அடைத்து மேயவிடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். ஆட்டின் குளம்பு உதிரி மணலை மிதித்து இறுக்கும். உரத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவு மிச்சம். உழவுக்குக் குதிரைகளைக் குறைத்து எருதுகளை வைத்தார் கென்ட். ஆண்டுக்கு 40 எருதுகளை வாங்குவது, சில ஆண்டுகள் உழைத்த 40ஐக் கொழுக்கவைத்து விற்பது என்பது ஏற்பாடு. குதிரை வயதானால் நட்டம், எருது வயதானாலும் விலை உண்டு என்பது அவர் வாதம். எருது உழவின் சிக்கனத்தை ஒரு மன்னருக்கு எழுதிக்காட்டி நிறுவ வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போது பெரம்பலூர்ப் பக்கத்துக் குரும்பலூர்க் குடியானவர் சிரித்திருப்பார்.

மன்னரின் இன்னொரு பித்து மெரினோ ஆடு. ஸ்பெயின் அந்த ஆட்டை வெளியே விடாமல் காத்துவந்தது. தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் ஏற்பாட்டில் போர்ச்சுகல் வழியாக 1788 முதல் சில ஆடுகள் திருட்டுத்தனமாகவே வந்து சேர்ந்தன. பின்னர் ஸ்பெயினின் சீமாட்டி ஒருவர் ஒரு நல்ல மந்தையையே அன்பளிப்பாக அனுப்பினார். 1804 ஆகஸ்ட் 15 அன்று லண்டனை அடுத்த கியூவில் மன்னரின் மெரினோக்கள் முதல்முறையாகப் பொது ஏலத்துக்கு வந்தன. அரச ஆடு இனவிருத்திக்கு ஊர்ப் பண்ணைகளுக்குப் போனது.

இதையெல்லாம் சொல்லி மன்னரைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்தால் அது பாதி உண்மைதான். 1760இல் அரியணை ஏறியபோதே முடியுரிமை நிலங்களின் வருமானத்தை நாடாளுமன்றத்துக்கு விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கு 8 லட்சம் பவுண்டு மானியத்தை ஏற்றுக்கொண்டவர் அவர். பண்ணையில் நட்டம் வந்தாலும் அவர் சாப்பாட்டுக்குக் குறையில்லை. கடன்காரன் கதவைத் தட்டமாட்டான். வின்ட்சர் இருக்கும் அதே பெர்க்‌ஷயர் மாவட்டத்தில்தான் 1795 மே மாதம், ஸ்பீனம்லாந்தில் ஒரு விடுதியில் கூடிய நீதிபதிகள், கூலியாட்களின் வருமானம் ரொட்டி விலைக்கு எட்டாததால் ஊர்வரியிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பொது மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டங்கள் அவர் ஆட்சியில் ஆயிரக்கணக்கில் நிறைவேறின. 1813இல் வின்ட்சர் காட்டுக்கே அப்படி ஒரு சட்டம் வந்தது. மேம்பாடு நடந்தது, அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. அந்த நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கு அந்த நிலத்துக்கே திரும்பிப் போனது. வடிகாலாக, வேலியாக, விதையாக, எருதாகத் திரும்பியது. நம் பக்கத்தில் அதே ஆண்டுகளில் அறுந்துபோனது இந்தத் திரும்புதல்தான்.

குரும்பலூர் பெரம்பலூருக்கு மேற்கே, துறையூர்ச் சாலையில் இருக்கிறது. பச்சைமலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி லாடபுரம், குரும்பலூர் எனத் தொடரும் ஏரிகளை நிரப்பவேண்டும். காவிரிப் படுகையைப் போல ஆறு வந்து வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும் பூமி அல்ல இது. கரிசலும் செம்மண்ணும் கலந்த மேட்டுநிலம். வரகு, கம்பு, சோளம், பருத்தி, ஆமணக்கு, துவரை மானத்தைப் பார்த்து விளையும். நெல் ஏரியைப் பார்த்து விளையும். ஏரி என்பது வெறும் பள்ளமல்ல. வரத்து வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் வராது. மதகு கசிந்தால் நிற்காது. கலிங்கின் கல் பெயர்ந்தால் பெருமழையில் கரையே உடையும். மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் கீழ் ஏரியையும் அடித்துக்கொண்டு போகும். ஆகவே ஆண்டுதோறும் சிறு வேலை, சில ஆண்டுகளுக்கொருமுறை பெரு வேலை என்று ஓயாமல் நடக்கவேண்டும்.

அந்த வேலைக்கான பணம் எங்கிருந்து வந்தது? களத்திலிருந்து. நெல் தூற்றிக் குவித்ததும், அரசுக்கு மேல்வாரம், குடியானவருக்குக் குடிவாரம் என்று பிரிப்பதற்கு முன்பே, மொத்தக் குவியலிலிருந்து சில பங்குகள் எடுக்கப்பட்டன. கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்கு. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதியின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்த தாமஸ் பர்னார்டின் பதிவுகளும், அவற்றுக்கு அடிப்படையான ஊர்க்கணக்கர் சுவடிகளும் இந்தப் பங்குகளை ஊர் ஊராகக் காட்டுகின்றன. ஏரியைக் கட்டுபவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் நிலத்தை விட்டுத்தரும் தசபந்த மானியமும் உண்டு. ஊரார் கூடிப் பழுதுபார்க்கும் குடிமராமத்தில் ஆள் உழைப்பு தனியே வரும். அரசன் தன் பங்கை எடுப்பதற்கு முன் ஏரி தன் பங்கை எடுத்துக்கொள்ளும்; இதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

இந்த வட்டாரத்தின் அரசியல் வேறு கதை. 1751இல் வாலிகண்டபுரத்தில், ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அருகே, ஆர்க்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம் நின்று மோதினார்கள். கடைசியில் முகமது அலி நிலைத்தார். 1763 பாரிஸ் உடன்படிக்கை அவரைக் கர்நாடகத்தின் நவாப் என்று ஏற்றது. 1765இல் அவர் படை அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைக் கைப்பற்றியது. 1769இல் மூன்றாம் ஜார்ஜ் கும்பினியைத் தாண்டி, சர் ஜான் லிண்ட்சே என்ற கடற்படை அதிகாரியை நவாபிடம் தன் நேரடித் தூதராக அனுப்பினார். 1777இல் நவாப், ஜார்ஜின் மனைவி சார்லட் அரசிக்கு வைரங்களைப் பரிசளித்தார். ‘ஆர்க்காட்டு வைரங்கள்’ என்று ஏலக்கூடங்களில் அவற்றுக்கு இன்றும் பெயர்.

வைரம் பரிசளித்தவர் கழுத்துவரை கடனில் இருந்தார். போர்ச்செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் கும்பினி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். பால் பென்ஃபீல்டு அவர்களில் பேர்போனவர். வட்டிக்கு ஈடு நிலவரி. வரியைத் திரட்ட, சீமைகளை இஜாராவுக்கு, அதாவது வரிக் குத்தகைக்கு, விட்டார்கள். இஜாராதாரர் சாகுக்காரரிடம் கடன் வாங்கி முன்பணம் கட்டுவார். அவர் கையில் நிலம் ஒன்றிரண்டு ஆண்டுதான். அடுத்த ஆண்டு வேறொருவர் அதிகம் கேட்டால் போய்விடும். இன்று கரையில் போடும் காசு மூன்றாம் ஆண்டில்தான் நெல்லாகத் திரும்பும் என்றால், அந்த மனிதர் ஏன் போடப்போகிறார்? அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏற்பாடே அப்படி. களத்தில் ஏரிக்கு எடுத்த பங்கையும் வாரிக்கொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

1780இல் மைசூர் ஹைதர் அலியின் படையெடுப்பு. 1781 டிசம்பரில் நவாபின் வரிவருவாயையே கும்பினி எழுதி வாங்கிக்கொண்டது. 1785இல், கடன்காரர்களின் செல்வாக்கு லண்டனில் ஓங்கியதும், திருப்பிக் கொடுத்தது. அப்போதுதான், 1785 பிப்ரவரி 28 அன்று, நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். அவருக்கு எதிர்க்கட்சி அரசியல் இருந்தது. மிகைப்படுத்தலும் அவருக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தச் சபையில் வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். வரைபடத்தை விரித்துவைத்து ஏரிகளை எண்ணினார். அந்த ஒரு வரைபடத்தில் மட்டும் 1,100க்கு மேல் இருக்கின்றன, கர்நாடகத்திலும் தஞ்சையிலும் சேர்த்துப் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்றார். அவற்றைக் கட்டிய பழைய அரசர்களைத் தம் மக்களின் உண்மையான தந்தையர் என்ற பொருளில் போற்றினார். அதற்கு இரண்டாண்டு கழித்துத்தான் மன்னர் ஆட்டுக்காரர் பெயரில் கலப்பையைப் பற்றி எழுதினார்.

கும்பினியே நிலக்கிழாராக இருந்த இடத்தில் கதை கொஞ்சம் மாறியது என்பதையும் சொல்லவேண்டும். 1763இல் நவாப் கும்பினிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரில் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரிகளைப் பழுதுபார்ப்பதை வேகமாக நடத்தினார். மதுராந்தகம் ஏரிக்கரையை இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் காத்ததைக் கண்டு தாயார் சன்னிதி கட்டிக்கொடுத்தார் என்ற ஊர்க்கதை அவரைப் பற்றியதுதான். ஏரி காத்த ராமர் கோயிலில் அவர் பெயர் கல்லிலும் உண்டு. ஆனால் பிளேஸ் இரக்கக்காரர் அல்லர். தன் கணக்குக்கு ஒத்துவராத மிராசுதாரர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றியவர். கரையைக் கட்டியதும் வரி உயரும் என்று தெரிந்துதான் கட்டினார். நில உடைமை நிலையாக இருந்தால் கல்நெஞ்சுக்காரர்கூட ஏரியைக் கவனிப்பார் என்பதற்கு அவர் சாட்சி.

திருச்சிச் சீமைக்கு அந்த வாய்ப்பும் 1801வரை வரவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் கர்நாடகம் முழுவதும் கும்பினி கைக்கு வந்தது. திருச்சிக்கு ஜான் வாலஸ் முதல் கலெக்டரானார். பாளையக்காரர்களின் படைகள் கலைந்தன. 1817இல் உடையார்பாளையத்துக்குச் சனது கொடுத்து ஜமீனாக ஆக்கினார்கள். முன்பு நாடாக இருந்தது சில ஊர்களாகச் சுருங்கியது. அந்தச் சுருங்கிய வருமானத்திலும் கனம் கிருஷ்ணையர் போன்ற இசைமேதையைப் பேணியது உடையார்பாளையம் சமஸ்தானம். சங்கீதத்துக்கு அது லாபம். ஏரிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதே சமஸ்தானத்தின் பழைய எல்லைக்குள் கிடந்தது ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் என்ற பொன்னேரி. 16 மைல் நீளக் கரையோடு, கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் தண்ணீர் பெற்ற அந்தப் பொன்னேரி, ஜார்ஜ் மன்னர்கள் நால்வர் காலத்திலும் காடு மண்டிக் கிடந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, பக்கத்திலிருந்த கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில்களைப் பெயர்த்துக் கல் எடுத்தார்கள். அணைக்குக் கல் தேவைதான். அந்தக் கோயில் அரசன் வெட்டிய ஏரியை யாரும் திருத்தவில்லை என்பதுதான் வியப்பு.

மேம்பாட்டு ஆசை இங்கே வரவே இல்லையா என்றால், வந்தது, வேறு உருவத்தில். சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித்தோட்டம் போட்டார். அதில் சாயப்பூச்சி வளர்த்து, ஸ்பெயினின் செஞ்சாய வணிகத்தை உடைப்பது நோக்கம். மெரினோவைக் கடத்திய அதே ஜோசப் பேங்க்ஸ்தான் இதற்கும் ஆலோசகர். மன்னரின் கியூ தோட்டத்திலிருந்து கள்ளிச்செடி கப்பலேறி வந்தது. நல்ல பூச்சி கடைசிவரை கிடைக்கவில்லை. 1795இல் வந்தது தரம்குறைந்த காட்டுப் பூச்சி. சப்பாத்திக்கள்ளியை அழிக்க அது பின்னாளில் உதவியது என்பது யாரும் திட்டமிடாத நன்மை. வின்ட்சருக்குத் தேவையானது கம்பளி, சென்னையிலிருந்து தேவையானது சாயம். குரும்பலூருக்குத் தேவையான மதகு யாருடைய பட்டியலிலும் இல்லை.

இந்த இடைவெளியில் நிலத்தைத் தாங்கியவர்கள் குடியானவர்களே. நார்ஃபோக்கிலிருந்து கென்ட் கொண்டுவந்த ஆட்டுரப் பாடத்தை இங்கே கிடைபோடுதல் என்பார்கள். அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுப்பட்டியை இரவுக்கிரவு இடம் மாற்றி அடைத்து, ஆட்டுக்காரருக்குத் தானியம் அளப்பார்கள். வறண்ட ஏரியின் வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றிச் செம்மண் கொல்லையில் கொட்டுவார்கள். வரகோடு துவரை, கடலையோடு ஆமணக்கு என்று ஒரே கொல்லையில் கலந்து விதைப்பார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். அரச குடும்பத்தின் ஆதரவு பெற்ற இங்கிலாந்து வேளாண் சங்கத்தின் வேதியியல் ஆலோசகர் ஜான் வோல்க்கர், 1889இல் இந்தியா வந்து ஊர் ஊராகச் சுற்றி, இந்தியக் குடியானவர் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குக் குறைந்தவர் அல்லர், சில வகைகளில் மேலானவர் என்று 1893இல் எழுதினார். அவருக்குக் குறைவாக இருப்பது அறிவு அல்ல, தண்ணீரும் உரமும் வசதியும் என்பது அவர் முடிவு. நூறாண்டு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டிய முடிவு அது.

கும்பினி கொண்டுவந்த ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியானவரிடமும் நேரடியாகப் பணமாக வரி வாங்கியது. களத்துக் குவியலைப் பொதுவில் பிரிக்கும் வழக்கம் போனது. அதோடு ஏரிப்பங்கும் போனது. பங்கு போன பிறகு ஆள் உழைப்பு மட்டும் எப்படி நிற்கும்? 1858இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள். அதற்கான செலவை ஊருக்கு மீட்டுத்தராமல் உழைப்பை மட்டும் கேட்ட சட்டம் அது; ஏட்டில்தான் இருந்தது. இந்தக் கட்டுரையாளரின் தீர்ப்பு இதுதான்: பெரம்பலூர், அரியலூர்ச் சீமையின் வேளாண்மையைத் தளரவைத்ததில் வறட்சியைவிட இந்தக் கணக்கு மாற்றத்துக்குப் பங்கு அதிகம்.

இன்று குரும்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பேச்சு. ஆழ்துளைக் கிணறு வந்தபிறகு ஏரியை மறந்தவர்கள் பலர். ஆனால் அந்தக் கிணறுகளுக்குக் கீழிறங்கும் தண்ணீரும் ஏரியில் நின்ற தண்ணீர்தான். குரும்பலூரில் இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அங்கு வரலாறு படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் திருச்சி மாவட்டப் பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் ஊரில் ஏரி மானியம் எந்தப் பட்டாவில் இருந்தது, யார் கைக்குப் போனது என்று கணக்கெடுங்கள். வின்ட்சர் பூங்காவின் ஒவ்வொரு ஏக்கருக்கும் கணக்கு இருக்கிறது. குரும்பலூர் ஏரிக்கும் அப்படி ஒன்று எழுதப்பட வேண்டும்.